எதிர்காற்றில் தனி ஆள்
வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் விடியற்காலையில் கடிகாரத்தோடு தனியாகப் போட்டிபோடும் டைம் டிரையல் பந்தயத்துக்குப் பழகும் சைக்கிள்காரர்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இந்தப் பந்தயத்தில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்க அனுமதியில்லை. காற்று முழுதும் நெஞ்சில்தான். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதனால்தான் முழங்கைகளை ஒடுக்கி, தலையைத் தோளுக்குள் இழுத்து, முதுகைக் கிடையாக்குகிறார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று கேளம்பாக்கம் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்; திரும்பும்போது வட்டியோடு வசூலித்துவிடும். தேர்ந்தவர் மேட்டிலும் எதிர்காற்றிலும் பலத்தைச் செலவழித்து, இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார். மேடு தொடங்கும் முன்பே அவர் கியர் மாறும் சத்தம் கேட்டுவிடும். அந்தக் கணக்குதான் அழகு. கார், லாரி ஓட்டுபவர்களே, இவர்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது விலகிப் போங்கள்.