பிள்ளைகளோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போங்கள்!

சின்னப் பிள்ளைகளைப் போர்க்களத்துக்குக் கூட்டிப்போவதா என்று தயங்குகிறவர்களிடம், நேரே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வண்டியை விடுங்கள் என்பேன். மைசூருக்குப் பக்கத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு அது. திப்பு சுல்தான் வீழ்ந்த இடம். ஏழு வயது மகனும் நாலு வயது மகளும் பொழுது சாயும்வரை "அடுத்து எங்கம்மா?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள்!

ஆனால் கோட்டைக்கு முதலில் போகாதீர்கள். தரியா தௌலத் பாக் மாளிகையில் தொடங்குங்கள். திப்பு 1784-இல் கட்டிய கோடை மாளிகை. தேக்குத் தூண்களே கொள்ளை அழகு. அதன் மேற்குச் சுவரின் முன்னால் போய் நின்றதும், அடேயப்பா! 1780-இல் நம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் மகன் திப்புவும் ஆங்கிலேயப் படையை நொறுக்கிய சண்டை, சுவர் கொள்ளாமல் விரிந்து கிடக்கிறது. வரிசை வரிசையாகச் செஞ்சட்டைச் சிப்பாய்கள், பாய்ந்து வரும் குதிரைகள், யானைகள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. நடுவில், பல்லக்கில் அந்தப் படையின் தலைவர் கர்னல் பெய்லி. மகள்தான் கண்டுபிடித்தாள்: "அம்மா, அந்த மாமா விரலைக் கடிக்கிறாரு பாரு!" ஓவியர் அப்படித்தான் தீட்டியிருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் யார் தோற்கிறார் என்று புரிந்துவிட்டது.

அந்த விரல் கடித்த மாமாவைத் தேடித்தான் அடுத்து கோட்டைக்குள் போனோம். அங்கே பெய்லியின் பெயரிலேயே ஒரு பாதாளச் சிறை இருக்கிறது. வளைந்த கூரை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் கற்பலகைகள், அவற்றில் சங்கிலி மாட்டத் துளைகள். பெரியவன் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பெய்லி 1782-இல் சிறைவாசத்திலேயே இறந்துபோனார். ஆனால் அதே புள்ளலூரில் பிடிபட்டு இந்த ஊரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஆங்கிலேயப் படை அதிகாரி டேவிட் பேர்ட் விடுதலையாகிப் போனார். 1799 மே 4-ஆம் தேதி, இந்தக் கோட்டைமேல் பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் அவரேதான்! இதைச் சொன்னதும் பையனுக்குக் கண்கள் விரிந்தன. எந்தக் கதாசிரியர் இப்படி முடிச்சுப் போடுவார்?

பீரங்கி உடைத்த மதில் பக்கம் போனால் ஆறு அப்படியே கண்முன் தெரிகிறது. கோடையில் காவிரியில் தண்ணீர் குறைவு. உச்சி வெயிலில் ஆங்கிலேயப் படையினர் அதில் இறங்கிக் கடந்து வந்தார்கள். சில நிமிடங்களில் மதில்மேல் அவர்கள் கொடி ஏறிவிட்டது. திப்பு அப்போது சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார் என்றேன்.

"சாப்பிட்டு முடிச்சாராம்மா?"

"இல்லடா, பாதியிலேயே எழுந்து போயிட்டாரு."

அவர் உடல் கிடைத்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இருவரும் அதன் முன்னால் தாங்களாகவே செருப்பைக் கழற்றினார்கள். நான் சொல்லவே இல்லை.

இதே ஊரில் ரயில் பாதைக்காக 2017-இல் ஓர் ஆயுதக் கிடங்கையே இடிக்காமல் முழுசாக நகர்த்தி வைத்திருக்கிறார்கள். பொறியியல் பிடித்த பிள்ளைகளுக்கு அது தனி விருந்து. திப்பு, தந்தை, தாய் மூவரும் துயிலும் கும்பஸின் தந்தம் பதித்த கதவுகளையும் விட்டுவிடாதீர்கள். குளிர்காலமாகப் பார்த்துக் காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஆற்றோரம் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. பெங்களூர் வழியாகத் திரும்புவதென்றால் மத்தூரில் இறங்கிச் சுடச்சுட வடை தின்னுங்கள், அப்படி ஒரு மொறுமொறுப்பு!

வண்டியில் வரும்போதே பெரியவன் அடுத்த பயணத்தை முடிவு செய்துவிட்டான். காஞ்சிபுரம் அத்தை வீட்டுக்குப் போகும்போது புள்ளலூருக்கும் போயாக வேண்டுமாம். மருந்து வண்டி வெடித்த இடம் எது என்று இப்போதே கேட்டுத் துளைக்கிறான்.