மேட்டினுள் மன்னனைத் தேடியோர்

இங்கிலாந்தின் வில்ற்ஷயர்ப் பிரதேசத்து வயல்வெளிகளிலே புராதன ஈமமேடுகளும் வட்ட அகழிகளும் ஏராளமாக உள்ளன. அவற்றை ஆக்கியோர் எழுத்தறியாதவர். ஆதலால் அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு ஆராய்ச்சியாளரைச் சார்ந்தது.

றிச்சட் அற்கின்சன் 1956இல் வெளியிட்ட ‘ஸ்ரோன்ஹென்ஜ்’ என்னும் நூல் பலவகையிற் பாராட்டுக்குரியது. மான்கொம்பினால் மண்ணகழ்ந்து, மாபெருங் கற்களை இழுத்து நிறுத்திய உழைப்பை அது விளக்குகிறது. 1954இல் பாடசாலை மாணவரைக் கொண்டு கல்லிழுக்கும் பரிசோதனையும் அவர் நடத்தியவர். ஆயினும், இதனைத் திட்டமிட்டவர் யார் என்ற கேள்வி எழுந்ததும் தடுமாறிவிடுகிறார். கிரேக்கத்து மைசீனிய உலகின் கலைஞனொருவன் வந்து வழிகாட்டியிருக்க வேண்டுமாம்! கை உள்ளூரானுடையது, அறிவு மட்டும் அந்நியனுடையது! கல்லொன்றிலே 1953இற் கண்ட குத்துவாள் உருவத்தை அவர் பெருஞ்சான்றாகக் கொண்டார். கதிரியக்கக் காபன் காலக்கணிப்போ இவ்வாதத்தைத் தகர்த்துவிட்டது. பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 அளவில், மைசீனியா தலையெடுத்தது அதற்குச் சுமார் 900 ஆண்டுகளின் பின்னரே.

இதே மனப்பான்மையைச் சில்பெரிக் குன்றிலும் காண்கிறோம். கி.மு. 2400 அளவில் மனிதர் சுமந்து குவித்த ஏறத்தாழ 5 இலட்சம் தொன் சுண்ணமண் அது. உள்ளே மன்னன் இருப்பான் என நம்பி 1776இல் உச்சியிலிருந்து குழி தோண்டினர். 1849இற் சுரங்கம் வெட்டினர். 1968 முதல் 1970 வரை அற்கின்சனும் அகழ்ந்தார். மன்னன் அகப்படவில்லை. பழைய குழி 2000இல் இடிந்து உச்சியிற் பள்ளம் விழுந்தது. இல்லாத மன்னனைத் தேடி, இருந்த மக்களின் ஆக்கத்தைச் சிதைத்தனர்!

அம்மக்கள் இருந்த இடமோ பின்னரே வெளிப்பட்டது. ஸ்ரோன்ஹென்ஜுக்கு அண்மையிலுள்ள டறிங்ரன் வோல்ஸ் என்னும் மாபெரும் மண்வரம்பின் அருகே, 2004 முதல் நடந்த அகழ்வுகளில், அவர்தம் வீட்டுத்தளங்களும் விருந்துண்டு எறிந்த பன்றியெலும்புகளும் கிடைத்தன.

இதைக்கொண்டு அது ஏற்றத்தாழ்வற்ற சமுதாயமென்று நாம் கனவு காணலாகாது. கி.மு. 1900 அளவில் எழுந்து, 1808இல் திறக்கப்பட்ட புஷ் பறோ என்னும் ஈமமேட்டில், ஒருவன் பொற்றகடுகளோடு கிடந்தான். பொன் சிலரிடம் சேர்ந்தமை உண்மை. ஆனால் அவன் மேட்டுக்கும் மண் சுமந்தவர் பலர். வரலாறு கற்பிப்போர் மாணவர்முன் முதலில் எழுப்பவேண்டிய கேள்வி அந்தப் பலரைப் பற்றியதே.