நிறுத்திப் பார்க்கும் கலை: ரோஜர் ஈபர்ட்டை உருவாக்கிய படங்கள்

சிகாகோவின் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் (1942–2013) குறித்து எழுதுவோர், 1975-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் திரை விமர்சகர் அவர் என்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். விளையாட்டுப் பக்கத்தின் வாசகருக்கு அதைவிடச் சுவையான செய்தி, அவர் பதினைந்து பதினாறு வயதிலேயே இல்லினாய்ஸ் மாநிலத்தின் நியூஸ்-கெசட் நாளிதழுக்காக உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களைப் பற்றி எழுதிய விளையாட்டுச் செய்தியாளர் என்பதாகும். முதல் வாக்கியத்தோடு மணிக்கணக்கில் போராடிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனுக்கு, அங்கே உடன் பணியாற்றியவரும் பின்னாளில் பெயர்பெற்ற விளையாட்டு எழுத்தாளருமான பில் லயன் இரண்டு அறிவுரைகள் சொன்னதாக ஈபர்ட் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்: உந்துதல் வரட்டும் என்று காத்திராமல் எழுதத் தொடங்கிவிட வேண்டும், தொடங்கியபின் முடிவுவரை நிற்காமல் செல்ல வேண்டும், ஏனெனில் கதை போய்ச் சேரும் இடம் தெரியாமல் அதன் தொடக்கத்தை முடிவு செய்ய இயலாது. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் செய்தியை அச்சுக்கு அனுப்பும் மேசையில் பிறந்த இப்பழக்கமே, 1967-இல் சிகாகோ சன்-டைம்ஸின் திரை விமர்சகரான பிறகும் அவருடைய நடைக்கு வேகத்தையும் தெளிவையும் தந்தது எனலாம்.

எழுத்தைப் போலவே பார்வைக்கும் விளையாட்டே வழிகாட்டியது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் முடிந்த ஆட்டத்தின் படச்சுருளை, வேண்டிய இடத்தில் அசையாமல் நிறுத்தக்கூடிய 16 மி.மீ. புரொஜெக்டரில் ஓட்டி, எந்த ஆட்டக்காரர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார் என்று ஆராய்வது வழக்கமாக இருந்தது. இன்று கிரிக்கெட் அணிகளில் காணொளி ஆய்வாளர் என்று தனிப் பதவியே வந்துவிட்ட பணியின் பழைய வடிவம் அது. திரைப்படம் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்த ஈபர்ட்டிடம், அதே முறையைப் படங்களுக்கும் கையாளலாமே என்று சிகாகோ நண்பரான ஜான் வெஸ்ட் யோசனை சொன்னார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தொடர்ந்த அவருடைய அமர்வுகளில், ஒரே படம் சில பிற்பகல்கள் நீளும். பார்வையாளர் எவரும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுக்கலாம், நிறுத்திய சட்டகத்தில் அனைவரும் கண்டதைப் பேசலாம். களத்தில் ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்குப் பொருள் இருப்பதுபோல், திரையில் வலப்பக்கம் பொதுவாகச் சாதகமாகவும் இடப்பக்கம் பாதகமாகவும் தோன்றுகிறது என்ற கருத்தை அவர் விளக்கியதுண்டு. இவை போக்குகளே தவிர விதிகள் அல்ல என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது.

இப்படி நிறுத்தி ஆராயப்பட்டவற்றுள் அவருடைய வாழ்க்கை நோக்கை அதிகம் பாதித்தது ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’ (1960). ரோம் நகரின் வயா வெனெட்டோ வீதியில் கிசுகிசு சேகரித்துத் திரியும், என்றேனும் தரமான நூல் எழுதலாம் என்று நாளைத் தள்ளிப்போடும் மார்செல்லோ என்னும் பத்திரிகையாளனாக மாஸ்ட்ரோயான்னி அதில் நடித்தார். வளரிளம் பருவத்து ஈபர்ட்டுக்கு அவன் கனவு நாயகன். 1970 வாக்கில் அவருக்கும் ஏறத்தாழ அவனுடைய வயது, சிகாகோ மதுக்கூடங்களில் அவனுடையதைப் போன்ற இரவுகள். 1979-இல் குடியை விட்டபின் பார்த்தபோது அவன் பின்பற்றத் தக்கவனாகத் தோன்றவில்லை, தப்ப முடியாமல் சிக்கிக்கொண்டவனாகத் தெரிந்தான். 1991-இல் கொலராடோவில் சட்டகம் சட்டகமாக அலசியபோது இரக்கமும் அன்பும் மட்டுமே எஞ்சின. ஆட்ட வீரரின் பழைய ஆட்டத்தைப் புதிய ஆட்டத்தோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தை அளப்பது விளையாட்டு அலசலின் வழக்கம். இங்கோ ஆட்டம் மாறாமல் நிற்க, பார்ப்பவரே அளக்கப்படுகிறார். விமர்சகர் தம்மையே ஆய்வுப்பொருளாக வைத்த இந்தத் துணிவுதான் அவருடைய பிற்கால எழுத்தின் உண்மையான வலிமை.

ஸ்கார்செஸியின் ‘ரேஜிங் புல்’ (1980) அவருக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. ஜேக் லாமோட்டா என்ற குத்துச்சண்டை வீரனின் கதையான இதில், சண்டைக் காட்சிகள் மொத்தத்தில் பத்து நிமிடங்களைச் சுற்றியே வரும். கேமரா மேடைக்கு வெளியே நின்று நடுவரைப் போலக் கணக்கெடுக்காமல் கயிறுகளுக்கு உள்ளே நுழைகிறது. வீரனின் மனநிலைக்கேற்ப மேடையின் அளவே சில சண்டைகளில் மாற்றி அமைக்கப்பட்டது. தெல்மா ஸ்கூன்மேக்கரின் படத்தொகுப்பு ஆஸ்கர் பெற்றது. ராபர்ட் டி நீரோ, வீரனின் பிற்காலத் தோற்றத்துக்காக உடல் எடையைப் பெரிதும் கூட்டியதைப் பலரும் சாதனையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈபர்ட்டோ இதைப் பொறாமையின் கதையாகப் படித்து, ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவோடு ஒப்பிட்டு, எண்பதுகளின் தலைசிறந்த படம் என்று அறிவித்தார். ஒரு படம் எதைப் பற்றியது என்பதைவிட, அதை எவ்வாறு சொல்கிறது என்பதே முதன்மை என்று அவர் வலியுறுத்திவந்த கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தொண்ணூறுகளின் தலைசிறந்த படமாக அவர் தேர்ந்ததும் விளையாட்டைச் சார்ந்ததே. ஸ்டீவ் ஜேம்ஸின் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994), கூடைப்பந்து வழியே முன்னேற விரும்பிய ஆர்தர் ஏஜி, வில்லியம் கேட்ஸ் என்னும் இரு சிகாகோ கறுப்பினச் சிறுவர்களை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, சுமார் 250 மணி நேரப் பதிவிலிருந்து மூன்று மணி நேரமாகச் சுருக்கிய ஆவணப்படம். கேட்ஸின் கனவை முழங்கால் காயம் முறிக்கிறது. கட்டணம் செலுத்த இயலாத ஏஜி தனியார் பள்ளியை விட்டு வெளியேற நேர்கிறது. ஆனால் படத்தின் மிகப் பெரிய வெற்றி மைதானத்திற்கு வெளியே, ஏஜியின் தாய் செவிலியர் உதவியாளர் படிப்பில் முதலிடம் பெறும் இடத்தில் நிகழ்கிறது. விநியோகஸ்தர் கிடைக்கும் முன்பே ஈபர்ட்டும் அவருடைய தொலைக்காட்சிக் கூட்டாளி ஜீன் சிஸ்கெலும் இதைத் தம் நிகழ்ச்சியில் தூக்கிப் பிடித்தார்கள். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையே இதற்குக் கிடைக்காதபோது எழுந்த கண்டனம், அப்பிரிவின் தேர்வு முறை திருத்தப்படக் காரணமாயிற்று. (ஈபர்ட்டின் இறுதி மாதங்களை ‘லைஃப் இட்செல்ஃப்’ என்ற படமாக 2014-இல் வெளியிட்டவரும் இதே ஸ்டீவ் ஜேம்ஸ்தான்.)

புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைகளால் 2006-இல் பேச்சையும், வாய்வழி உண்பதையும் இழந்த ஈபர்ட், 2008 முதல் இணையத்தில் எழுதத் தொடங்கினார். மரணம் நெருங்கியதை அறிந்த அரசு அலுவலரைப் பற்றிய குரோசாவாவின் ‘இகிரு’வை (1952), பார்ப்பவரைச் சற்றே வேறுவிதமாக வாழத் தூண்டக்கூடிய அரிய படங்களுள் ஒன்றாக அவர் முன்பே மதிப்பிட்டிருந்தார். உணவின் நினைவு, குடி, இறப்பு ஆகியவற்றைத் தன்னிரக்கம் கலக்காமல் பேசும் அவருடைய இணையக் கட்டுரைகளில் அந்தப் படத்தின் நிதானத்தை உணர முடிகிறது.

இதே காலத்தில்தான் அவர் சறுக்கவும் செய்தார். காணொளி விளையாட்டுகள் ஒருபோதும் கலையாக இயலாது என்று 2010 ஏப்ரலில் எழுதியபோது அவர் முன்வைத்த வாதங்களுள் முக்கியமானது, விதிகளும் புள்ளிகளும் கொண்ட விளையாட்டில் வெல்ல முடியும், கலையிலோ அனுபவிக்க மட்டுமே முடியும் என்பது. விளையாட்டுச் செய்தியாளராகத் தொடங்கியவரிடமிருந்து, அதிலும் ஆட்டக்களத்தின் முறையைக் கடன் வாங்கியே திரையைப் படித்தவரிடமிருந்து, இது வியப்பான வாதம். சட்டகந்தோறும் நிறுத்திப் பார்க்கக் கற்பித்தவர், ஓர் உரையில் காட்டப்பட்ட துணுக்குகளை மட்டும் கண்டு தீர்ப்பு வழங்கியிருந்தார். ஆயிரக்கணக்கான வாசகர்கள் எதிர்த்து எழுதிய பின், ஆடிப் பாராமல் அதைப் பற்றி எழுதியது தவறு என்று அவ்வாண்டு ஜூலையில் ஒப்புக்கொண்ட ஈபர்ட், கருத்தை மட்டும் கைவிடவில்லை.