டிஸ்க் வளைவதில்லை

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் ஓடும் யமுனா விரைவுச்சாலையில், ஜேவர் சுங்கச்சாவடி கண்ணில் பட்டதும் நூறிலிருந்து வேகத்தைக் குறைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் டெல்லிக் கார்கள் பலவற்றின் நோய் வெளியே வருகிறது. ஸ்டீயரிங் கையில் உதறுகிறது, பிரேக் மிதி பாதத்தைத் தட்டுகிறது. மறுநாள் கரோல் பாகிலோ லட்சுமி நகரிலோ காரைக் காட்டினால் மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிடுவார்: 'டிஸ்க் டேடா ஹோ கயா'. நம் ஊரில் அதையே 'டிஸ்க் பெண்டு' என்போம். உடனே காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து ஒரு ஜோடி புது டிஸ்க் வரும், நடுக்கம் நிற்கும். சில மாதங்களில் அது திரும்பிவரும்போது பழி டிஸ்க் செய்த நிறுவனத்தின் தலையில் விழும். எந்த மாற்று டிஸ்க் நல்லது, எது கெட்டது என்ற விமர்சனங்களில் பெரும்பகுதி இந்தப் பழியிலிருந்து பிறப்பவை. ஆகவே அவை நம்பத்தக்கவை அல்ல என்பது என் வாதம்.

வெப்பத்தில் டிஸ்க் வளைந்துவிடுகிறது என்ற நம்பிக்கையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சுமார் 1,100 கிலோ எடையுள்ள ஒரு ஸ்விஃப்ட் நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் ஏறக்குறைய 4.25 லட்சம் ஜூல். அதில் எழுபது சதவீதத்தை முன் டிஸ்க்குகள் இரண்டும் பங்கிட்டுக்கொண்டால், தலா நாலரைக் கிலோ வார்ப்பிரும்பின் வெப்பநிலை ஒரு நிறுத்தத்துக்கு எழுபது டிகிரி அளவில் உயரும். உலையில் வார்த்த இரும்பு அதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது. டெல்லியின் 45 டிகிரி வெயிலைக் காரணம் காட்டுவோரும் உண்டு. அந்த வெயில் ஒரே ஒரு நிறுத்தம் தரும் சூட்டைவிடக் குறைவு. பந்தயக் கார்ப் பொறியாளரான கரோல் ஸ்மித், வளைந்த டிஸ்க் என்பதே கட்டுக்கதை என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் பட்டறைகளில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நடுக்கத்துக்கு உண்மையான காரணம் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது. சுற்றுவட்டத்தில் 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே போதும், அது தலைமுடியின் கனத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. மெல்லிய இடமும் தடித்த இடமும் மாறி மாறிப் பிரேக் பேடுகளுக்கிடையே நுழையும்போது பிடி தளர்ந்து இறுகி ஸ்டீயரிங்கை ஆட்டுகிறது. புது டிஸ்க்கில் இந்த வேறுபாடு இருக்காது, ஓட ஓடத்தான் உண்டாகிறது. டிஸ்க், சக்கரம் பூட்டப்படும் ஹப்பின்மேல் நேராக உட்காராமல் ஒரு நூலிழை சாய்ந்து சுழன்றால், பிரேக் போடாத நேரத்திலும் அதன் ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். ஸ்விஃப்ட்டின் டயர் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. 5,000 கிலோமீட்டருக்குள் 25 லட்சம் உரசல்கள். அத்தனைக்கும் பிறகு அந்த இடம் மெலிந்துவிடும். தவறு நடந்தது டிஸ்க் மாட்டிய அன்று. நடுக்கம் தெரிவதோ மாதங்கள் கழித்து. இந்த இடைவெளிதான் மெக்கானிக்கைக் காப்பாற்றி டிஸ்க்கைக் குற்றவாளி ஆக்குகிறது.

சாய்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஹப் முகத்தில் இருக்கும் துருவிலிருந்து. மழைக்காலத்துச் சேறும் ஈரமும் அங்கே செதில் செதிலாகத் துருவைப் படியவைக்கின்றன. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் அந்தச் செதிலைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதை வைத்து அறைகிறார்கள். சுமார் 140 மி.மீ. அகலமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.03 மி.மீ. துரு இருந்தால், 250 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அந்தச் சாய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பல கார்களின் சர்வீஸ் கையேடுகள் விளிம்பாட்டத்துக்கு, அதாவது சுழலும்போது டிஸ்க்கின் விளிம்பு பக்கவாட்டில் ஆடும் அளவுக்கு, விதிக்கும் உச்சவரம்பே 0.10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு, 0.05-க்குள் இருப்பது நல்லது. இன்னொரு காரணம் பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கி. ஒரு போல்ட்டை எலும்பு முறிய இறுக்கி அடுத்ததை அரைகுறையாக விட்டால் டிஸ்க்கும் அதற்கேற்பக் கோணும். கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கும் கடையைத் தேடிப் போவதில் வெட்கமே வேண்டாம்.

'புது டிஸ்க் போட்டதும் என் காருக்குச் சரியாகிவிட்டதே' என்று கேட்பவருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சீரான தடிமன் உள்ள டிஸ்க் சாய்ந்து சுழன்றாலும் முதல் நாளில் நடுங்காது. லேத்தில் கொடுத்துச் சீவினால் மலிவாயிற்றே என்பதும் நியாயமான கேள்விதான். டிஸ்க்கின்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் சதை இருந்தால் சீவலாம். ஆனால் சீவிய டிஸ்க்கை அதே துருவின்மேல் மாட்டினால் பழைய கதை மறுபடி தொடங்கும். கடும் சூட்டில் சில இடங்கள் இறுகிக் கருநீலத் திட்டுகளாகியிருந்தால் அந்த இறுக்கம் உள்ளேயும் இறங்கியிருக்கும், அப்போது மாற்றுவதே வழி.

டெல்லிக்கே உரிய இரண்டு நிலைகளை மட்டும் இந்தச் சாய்வுக் கதையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். ஒன்று மலைப்பயணம். மசூரியிலிருந்து டேராடூன் வரை சுமார் 1,300 மீட்டர் இறக்கம். அதே காரில் அந்த உயரத்தின் ஆற்றல், மேலே சொன்ன ஒரு நிறுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் பேடின் பிசின் கொதித்து டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டும். மற்றது மாசுக்கட்டுப்பாடு. காற்று மாசு கூடும்போது டெல்லியில் படிப்படியாக விதிக்கும் 'கிராப்' கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டம் வந்தால் பிஎஸ்-4 டீசல் கார்கள் நாள்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, பனி ஈரத்தில் பேடின் அச்சு டிஸ்க்கில் துருவாகப் பதிகிறது. துரு மேலோட்டமாக இருந்தால் திறந்த சாலையில் அறுபதிலிருந்து மிதமாகப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தால் உரிந்துவிடும். அதற்குள் புது டிஸ்க் வாங்க ஓட வேண்டியதில்லை.

உண்மையிலேயே மாற்றவேண்டி வந்தால் எதை வாங்குவது? கார் நிறுவனத்தின் அசல் டிஸ்க், அல்லது கார் நிறுவனங்களுக்கே பிரேக் செய்து தரும் நிறுவனத்தின் சாதா டிஸ்க். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் பார்க்கத் தேவையில்லை. பேடுகளுக்கு வந்தால், 1962-இல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங்கும் சென்னையின் பிள்ளைகள். அவற்றின் பேடுகளை டெல்லியில் கேட்டு வாங்கச் சொல்வதில் எனக்குப் பெருமையும் உண்டு, காரணமும் உண்டு. துளையிட்ட, பள்ளம் வெட்டிய டிஸ்க்குகளை நகரத்துக் காருக்கு வாங்காதீர்கள். துளையின் ஓரத்தில்தான் வெடிப்பு தொடங்கும், பயனோ ஒன்றுமில்லை. நடுப்பகுதியிலும் விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளது கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை தரலாம். டிஸ்க்கையும் பேடையும் ஜோடி ஜோடியாகவே மாற்றுங்கள். புது டிஸ்க்கில் பழைய பேடைப் போடாதீர்கள். காஷ்மீரி கேட் சந்தையில் நேர்மையான கடைகள் நிறைய, அதே சந்தையில் போலிப் பெட்டிகள் பிடிபட்ட செய்திகளும் நிறைய. எனவே ஜிஎஸ்டி பில் இல்லாமல் பிரேக் சாமான் வாங்கக் கூடாது. மாயாபுரியில் கழித்த கார்களிலிருந்து எடுத்த டிஸ்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உயிரைப் பிடித்து நிறுத்தும் சாமானில் பழையது வாங்குவது சிக்கனம் ஆகாது.

விளிம்பாட்டத்தை அளக்கும் கருவியான டயல் கேஜை வைத்துப் பார்க்கும் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். காந்தத் தாங்கியோடு ஒரு டயல் கேஜ் ஒரு ஜோடி டிஸ்க்கின் விலைக்குள் கிடைக்கும். பட்டறையிடம் இல்லையென்றால் அது வசதிக் குறைவு ஆகாது, விருப்பக் குறைவு. அடுத்த முறை டிஸ்க் மாற்றும்போது பக்கத்தில் நின்று ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். விளிம்பாட்டத்தை அளந்து அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.