வளைய வெப்பக்குழாயின் ஆவியாக்கி: கணிப்பு மாதிரிகளும் அவற்றின் எல்லையும்

விண்கலத்தின் மின்னணுக் கருவிகளில் எழும் வெப்பத்தை, சுழலும் உறுப்பு ஏதுமின்றி, தொலைவிலுள்ள கதிர்வீச்சுத் தகட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வளைய வெப்பக்குழாய், 1972-இல் சோவியத் ஒன்றியத்தின் ஊரல் பல்தொழில்நுட்பக் கழகத்தில் யூரி கெராசிமோவ், யூரி மைதானிக் ஆகியோரால் முதன்முதலில் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தைக் கடத்திய அந்த முதற்கருவியின் நீளம் 1.2 மீட்டர், அதற்குள் ஓடியது நீர். பின்னாளில் விண்வெளிப் பயன்பாட்டில் அம்மோனியாவே பெரிதும் இடம்பிடித்தது.

கருவியின் உயிர்நிலை ஆவியாக்கிக்குள் பொருத்தப்பட்ட திரியாகும். நிக்கல் போன்ற உலோகத் துகள்களை உருகாத அளவுக்குச் சூடேற்றி ஒட்டவைத்துச் செய்யப்படும் இத்திரியின் துளைகள் ஒரு மைக்ரோமீட்டர் ஆரம் அளவே கொண்டவை. அத்துளைகளில் நிற்கும் அம்மோனியாவின் பரப்பு இழுவிசை, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 40 கிலோபாஸ்கல் வரையிலான நுண்புழை அழுத்தத்தைத் தந்து வளையம் முழுவதும் பாய்மத்தை ஓட்டுகிறது. திரியின் வெளிப்புறத்தில் உருவாகும் ஆவி தன் வழியே சென்று குளிர்விப்பானில் மீண்டும் திரவமாகி, ஆவியாக்கியை ஒட்டியுள்ள ஈடுசெய் அறைக்கு, அதாவது மிகுதித் திரவத்தைத் தாங்கிக்கொள்ளும் சிறு கலத்துக்கு, வந்து சேர்கிறது.

இவ்வோட்டத்தின் அழுத்த இழப்புகளைக் கணக்கிடுவது கடினமன்று. தாரிக் காயாவும் டிரியம் ஹோவாங்கும் 1999-இல் வெளியிட்டதைப் போன்ற நிலைத்த நிலை மாதிரிகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஆற்றல் சமநிலையையும் அழுத்தச் சமநிலையையும் எழுதி, செயல்படு வெப்பநிலையை மீண்டும் மீண்டும் திருத்தித் தீர்வு காண்கின்றன. உண்மையான சிக்கல் திரியின் சில மில்லிமீட்டர் தடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆவியாக்கிக்குத் தரப்படும் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாதலுக்குச் செலவாக, ஒரு சிறு பங்கு திரியைக் கடந்து ஈடுசெய் அறைக்குள் கசிகிறது. இக்கசிவை ஈடுகட்ட, திரும்பிவரும் திரவம் போதிய அளவு குளிர்ந்திருக்க வேண்டும். 500 வாட் வெப்பத்தைக் கடத்தும் அம்மோனியா வளையத்தில் வினாடிக்கு 0.42 கிராம் திரவமே திரும்புகிறது. அது தெவிட்டிய வெப்பநிலையைவிட 10 பாகை குளிர்ந்து வந்தாலும் 20 வாட் கசிவை மட்டுமே ஈடுகட்டும். எனவே மொத்த வெப்பத்தில் நான்கு விழுக்காடே ஆன ஒரு தொகை, முழு வளையமும் எந்த வெப்பநிலையில் இயங்கும் என்பதை முடிவுசெய்கிறது. வெப்பச்சுமை குறையும்போது ஓட்டமும் குறைந்து, திரவம் வழியிலேயே சூழலின் வெப்பத்தை ஏற்றுக்கொள்வதால், செயல்படு வெப்பநிலை குறைவதற்குப் பதில் உயரும் முரண்பட்ட நடத்தைக்கும் இதுவே காரணம்.

அந்தக் கசிவைக் கணிக்கத் திரியின் பயனுறு வெப்பக் கடத்துத்திறன் தேவை. இங்குதான் மாதிரிகள் தடுமாறுகின்றன. 60 விழுக்காடு துளைவெளி கொண்ட நிக்கல் திரியில் அம்மோனியா நிறைந்திருப்பதாகக் கொண்டு, உலோகமும் திரவமும் பக்க இணைப்பில் அமைந்தவை எனக் கணக்கிட்டால் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 36 வாட் கிடைக்கிறது. தொடரிணைப்பில் அமைந்தவை எனக் கொண்டால் 0.8 வாட்டே கிடைக்கிறது. உண்மை மதிப்பு இவ்விரண்டுக்கும் இடையில், துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக ஒட்டியுள்ளன என்பதைப் பொறுத்து அமைவதால், அதைச் சூத்திரத்தில் தேடுவதைவிடப் பயன்படுத்தப்போகும் திரியிலேயே அளந்தறிவதே முறையாகும். அளக்கப்படாத இம்மதிப்பைச் சோதனை முடிவோடு பொருந்துமாறு திருத்திக்கொள்ளும் மாதிரி, கணிக்கும் தகுதியை அந்த அளவுக்கு இழந்துவிடுகிறது.

திரிக்குள் ஆவி எங்கே உருவாகிறது என்பது அடுத்த கேள்வி. யிடிங் காவோவும் அமீர் ஃபக்ரியும் 1994-இல் தந்த பகுமுறைத் தீர்வு, திரி முழுவதும் திரவத்தால் நனைந்திருப்பதாகக் கொண்டது. வெப்பப் பாய்வு மிகும்போதோ, சூடான உலோகச் சுவரை ஒட்டிய திரிப்பகுதி வறண்டு அங்கே ஆவிப் படலம் ஒன்று தோன்றுகிறது; அதன் வெப்பக் கடத்துத்திறன் மிகக் குறைவாதலால் சுவரின் வெப்பநிலை ஏறுகிறது. திரவ-ஆவி எல்லை எங்கே நிற்கும் என்பதையும் தீர்வின் ஒரு பகுதியாகவே கண்டறிய முயலும் பிற்கால எண்முறை ஆய்வுகள் இத்துறைக்குப் பெரும் பங்களித்துள்ளன.

தொடக்க இயக்கம் இன்னும் கடினமானது. ஆவி வழிகளில் திரவம் நிறைந்திருந்தால், கொதித்தல் தொடங்கத் தேவைப்படும் மிகைவெப்பம் சோதனைக்குச் சோதனை மாறுகிறது. ஆகவே வடிவமைப்பாளர்கள் கணிப்பை மட்டும் நம்பாமல், ஆவியாக்கியில் சிறிய தொடக்கச் சூடேற்றியைப் பொருத்துகின்றனர். ஈடுசெய் அறையின் வெப்பநிலையையும் தனிச் சூடேற்றியால் கட்டுப்படுத்தி, கசிவு மாறினாலும் வளையத்தின் வெப்பநிலை மாறாமல் நிலைநிறுத்துகின்றனர்.