தாங்குகோலும் குறியும்: வேட்டை எழுத்தை மதிப்பிட ஓர் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

வேட்டையில் குறி தவறாமைக்கு வேட்டுவனின் கையும் கண்ணும் மட்டுமே காரணம் என்ற எண்ணம் வேட்டை எழுத்தில் வேரூன்றியுள்ளது. துப்பாக்கியைத் தாங்கும் கவைக்கோல் இவ்வெண்ணத்தை மறுக்கும் எளிய சான்று. எதன்மேல் ஊன்றிக் குறி பார்க்கப்பட்டது, குறி பிறழ்ந்தால் அதன் விலையை யார் கொடுத்தார் என்னும் இரு வினாக்களைக் கொண்டு சங்கப் பாடல்களையும் ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ஆகியோரின் வேட்டை நூல்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: வேட்டை இலக்கியம், தாங்குகோல், எயினர், பெரும்பாணாற்றுப்படை, ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன், இருளர்

முன்னுரை

வேட்டை எழுத்து தமிழ் வாசகருக்குப் புதியதன்று. ஜிம் கார்பெட்டின் முதல் நூல் ‘குமாயுன் புலிகள்’ என்னும் பெயரில் தி. ஜ. ர.வின் மொழிபெயர்ப்பில் தமிழில் நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வருகிறது. இந்நூல்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் வேட்டுவனின் துணிவை வியக்கின்றனர். மறு சாரார் காலனிய ஆதிக்கத்தின் வெளிப்பாடு என ஒதுக்குகின்றனர். இரு சாராரும் துப்பாக்கியின் பின்னால் நிற்பவரையே நோக்குகின்றனர். துப்பாக்கியின் கீழே இருப்பதை நோக்குவது வேறொரு வாசிப்புக்கு வழி திறக்கும்.

தாங்குகோல்: கருவியும் காரணமும்

நின்றநிலையில் துப்பாக்கியைக் கையால் மட்டும் ஏந்திக் குறி பார்ப்பவரின் மூச்சும் நாடித்துடிப்பும் குழல்முனையை அசைக்கின்றன. கைப்பிடியில் மயிரிழை அளவான அசைவு நூறு கெச தூரத்தில் விலங்கின் உயிர்நிலைக்கும் வயிற்றுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். இவ்வசைவைக் குறைப்பதே தாங்குகோலின் பணி. ஒற்றைக்கோல், தலைப்பில் பிணைத்த இருகோல், முக்கோல் என அது மூவகைப்படும். கால்கள் கூடக்கூட நிலைப்பும் கூடும். தூக்கிச் செல்லும் எளிமை குறையும். கோலின் கவையில் துப்பாக்கியின் முன்கட்டையைச் சார்த்த வேண்டுமேயன்றி இரும்புக் குழலைச் சார்த்தலாகாது. குழல் பிறிதொன்றில் பட்டால் குண்டு விழும் இடம் மாறக்கூடும்.

இக்கருவி அண்மைக் காலத்ததன்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் கனத்த ஐரோப்பியத் துப்பாக்கிகள் கவைக்கோலின்றிச் சுடப்படுவது அரிது. திபெத்தியத் திரித்துப்பாக்கிகளில் கொம்பு முனை பொருத்திய இருகவை குழலோடே இணைக்கப்பட்டிருக்கும். முகலாய அரசவை ஓவியங்களில் குழலைப் பணியாளின் தோளில் சார்த்திக் குறி பார்க்கும் காட்சியும் உண்டு. அங்கே தாங்குகோலாக நிற்பது ஒரு மனித உடல். ஓவியத்தின் தலைப்பில் வேட்டையாடியவர் என அரசர் பெயர் மட்டுமே இடம்பெறும். ஆப்பிரிக்க வேட்டைப் பயணங்களிலும் கோலைச் சுமந்து சென்று உரிய இடத்தில் ஊன்றித் தருபவர் பெரும்பாலும் தடம் பார்க்கும் உள்ளூர்க்காரரே.

தொண்டை நாட்டு எயினரும் கொல்லிமலை ஓரியும்

தமிழ் மரபில் தனி வேட்டுவனின் புகழுக்கு உச்சமாக நிற்பது வன்பரணர் பாடிய புறநானூறு 152ஆம் பாடல். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பு ஊடுருவிச் சென்றதை அது சொல்கிறது. வல்வில் ஓரியின் கொடைத்திறத்தைப் பாட வந்த புலவருக்கு இம்மிகை தேவைப்பட்டது. அம்புக்கும் இலக்குக்கும் இடையே ஓரியைத் தவிர வேறு எவரும் அப்பாடலின் வேட்டைக் காட்சியில் இல்லை.

இதற்கு நேர்மாறான சித்திரத்தைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலின் களம் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை நாடு. இன்றைய நாவலூர், தாம்பரம் வட்டாரங்களும் அதனுள் அடங்குவனவே. இந்நூலின் எயினர் நீர்நிலையருகே தோண்டிய குழிக்குள் ஒடுங்கி, நள்ளிரவில் நீருண்ண வரும் பன்றிக்காகக் காத்திருக்கின்றனர். அவ்வேட்டை வாய்க்காவிடில் பகலில் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கின்றனர். இங்கே குறிக்கு நிலைப்பைத் தருவது தனியொருவனின் தோள்வலிமையன்று. மண்ணில் தோண்டிய குழியும் விலங்கின் வழக்கமறிந்த பொறுமையும். வேட்டை பொய்க்கக்கூடும் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. பொய்த்தபின் செய்வதையும் சேர்த்தே சொல்கிறார். ஓரி பாடல் வேட்டையைப் புகழாக்குகிறது. ஆற்றுப்படை அதைத் தொழிலாகக் காண்கிறது. தொழிலாகக் காணும் கண்ணுக்கே தாங்குவனவெல்லாம் தெரிகின்றன.

குறி பிறழ்ந்ததன் விலை

யானைக்கு எறிந்து குறி தப்பிய வேலை ஏந்துவது முயலின்மேல் எய்து தைத்த அம்பை ஏந்துவதினும் இனிது என்பது திருக்குறளின் 772ஆம் குறட்கருத்து. வேட்டைத் துணிவுக்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் அது ‘படைச்செருக்கு’ அதிகாரத்தில் நிற்பதைக் கருத வேண்டும். போர்க்களத்தில் முயற்சியின் பெருமை வெற்றியின் அளவைவிடப் பெரிது. காட்டில் அக்கணக்கு பொருந்தாது. அங்கே முற்றிலும் தப்பிய குண்டால் கேடு சிறிது. பாதி தைத்த குண்டே பெருங்கேடு.

கார்பெட்டின் நூலே இதற்கு வலிய சான்று. 1907இல் சுடப்பட்ட சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் விளைவு அது என்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் அது மனிதரை நாடியதற்கு அதுவே காரணம் என்றும் கார்பெட் கருதினார். அக்குண்டைச் சுட்டவரின் பெயர் எந்நூலிலும் இல்லை. அவரது கை நடுங்கியதன் விலையைக் கொடுத்தவர்கள் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குச் சென்ற சிற்றூர்ப் பெண்கள்.

அப்புலியின் முடிவும் தனியொருவரின் செயலன்று. தாசில்தார் திரட்டிய 298 பேர் மலைமுகட்டில் நின்று ஆரவாரித்துப் புலியை வெளியேற்றினர். கார்பெட்டின் தோட்டாக்கள் தீர்ந்தபின் தாசில்தாரின் துப்பாக்கியே கைகொடுத்தது. இவற்றைக் கார்பெட் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பது அவர் எழுத்தின் தகுதி. இடக்கையில் பறவை முட்டைகளை வைத்துக்கொண்டு, எவ்விதத் தாங்கலுமின்றி ஒற்றைக் கையால் சௌகர் புலியைச் சுட்ட நிகழ்ச்சியையே வாசகர் பெரிதும் நினைவில் வைத்திருக்கின்றனர். நூலில் அரிதாக நிகழ்ந்தது வாசக நினைவில் பொதுவிதியாகிவிட்டது. இது நூலாசிரியரின் குறையன்று. துணிவை மட்டும் தேடிய வாசிப்பின் குறை.

தடமறிந்தோர்

கென்னத் ஆண்டர்சனின் (1910–1974) களம் தமிழ் வாசகருக்கு இன்னும் அணுக்கமானது. 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிக் காடு இடம்பெறுகிறது. அவரது .405 வின்செஸ்டர் துப்பாக்கி கதைதோறும் பெயர் பெறுகிறது. பைரா, ரங்கா ஆகிய துணைவர்களும் பெயரோடு வருகின்றனர். பைராவின் காட்டறிவை ஆண்டர்சன் மனமாரப் பாராட்டுகிறார். ஆயினும் கதையின் உச்சத்தில் அவ்வறிவு பின்னகர, துப்பாக்கி முன்வருகிறது. அடிச்சுவடு எந்நேரத்தது, விலங்கு எப்பக்கம் திரும்பியது என்பவற்றைச் சொன்னவர் ‘துணை’. விசையை அழுத்தியவர் ‘வேட்டுவர்’. ஊன்றிய கோலுக்கும் ஊன்றித் தந்த மனிதருக்கும் எழுத்தில் கிடைத்த இடம் ஏறத்தாழ ஒன்றே.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை மரபைச் சட்டத்துக்குப் புறம்பாக்கியது. துப்பாக்கியை வைத்திருந்தோரின் பொழுதுபோக்கு அதனால் முடிவுற்றது. தடமறிந்து உயிர்பிழைத்தோருக்கு வாழ்வே கேள்வியாயிற்று. பாம்புத்தோல் வணிகத்தை நம்பியிருந்த செங்கல்பட்டு வட்டார இருளர் அத்தகையோர். நாவலூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அக்கேள்விக்குக் கிடைத்த விடை. அங்கே பாம்பு பிடிக்கப்பட்டு, நஞ்சு எடுக்கப்பட்டு, மீண்டும் காட்டில் விடப்படுகிறது. அந்நஞ்சு நச்சுமுறி மருந்துக்கு மூலப்பொருளாகிறது. 2023இல் இருளரான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வேட்டை நூல்கள் துணையறிவாகக் காட்டிய தடமறிவு இங்கே முதன்மை அறிவாக ஏற்கப்பட்டது. கொல்லும் கருவி அகன்றபோது அவ்வறிவு சிறிதும் குறையவில்லை. துப்பாக்கியைச் சார்ந்து அது ஒருநாளும் இருந்ததில்லை என்பதே இதன் பொருள்.

முடிவுரை

தாங்குகோலை ஏற்பது வேட்டுவனுக்கு இழுக்கன்று. தன் கை நடுங்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அது. வேட்டை எழுத்துக்கும் இதே நேர்மையை எதிர்பார்க்கலாம். தாங்கியவற்றை வெளிப்படையாகச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படைப் பகுதியும், 298 பேரை எண்ணிச் சொன்ன கார்பெட்டும் இவ்வளவுகோலில் உயர்கின்றனர். பெயர் சொல்லிப் பாராட்டியும் உச்சத்தில் மறந்த ஆண்டர்சன் இடைநிலையில் நிற்கிறார். ஓரி பாடல் வேட்டைப் பதிவாகவன்றிக் கொடைப் பாடலாகவே மதிப்புப் பெறும். வேட்டை நூல்களை இனி மொழிபெயர்ப்போரும் பாடமாக்குவோரும் தடம்பார்ப்போர், ஆரவாரித்தோர், காயத்தின் விலையைக் கொடுத்தோர் ஆகிய மூவகையினரின் பெயர்களையும் செயல்களையும் தனியே குறித்துக் காட்டுவது பயன் தரும். குறி எய்தவனுடையதாகலாம், அக்குறி நிலைத்தது பலரின் தோள்மேல்.