எண்ணூர்ச் சாம்பலும் ஃபெரைட்டு மென்படலமும்: காந்த அளவீட்டு முறை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்தமை பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்காகும். 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும் இதே நிலப்பகுதியைச் சார்ந்தது. நிலக்கரியிலுள்ள பைரைட்டு கொதிகலனில் எரிந்து இரும்பு ஆக்சைடாகிறது. அதன் ஒரு பகுதி ஃபெரைட்டு வகையான மேக்னடைட்டு. எனவே வண்டலின் காந்த ஏற்புத்திறனை அளந்து சாம்பல் மாசைக் கணிக்கும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. அம்முறை எண்ணூருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஒற்றை எண்ணின் போதாமை

சென்னைக் கடற்கரை மணலில் மேக்னடைட்டு உள்ளிட்ட கருங்கனிமங்கள் இயற்கையாகவே உண்டு. மறுபுறம், சென்னைத் துறைமுகத்தில் நெடுங்காலம் கையாளப்பட்ட இரும்புத்தாதுவின் முதன்மைக் கனிமமான ஹேமடைட்டின் ஏற்புத்திறன் மேக்னடைட்டினதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. ஆகவே உயர்ந்த எண் சாம்பலைக் குறிக்க வேண்டுவதில்லை. தாழ்ந்த எண் தூய்மைக்குச் சான்றும் ஆகாது.

மென்படலம் தரும் தெளிவு

ஃபெரைட்டில் இரும்பு அயனிகள் நான்முகி, எண்முகி எனும் இருவகை இடங்களில் அமர்கின்றன. காந்தத் திசையொப்புப் பண்பின்மை இவ்விட அமைவைச் சார்ந்தது. மேக்னடைட்டில் எளிதில் காந்தமாகும் திசை கனசதுரத்தின் மூலைவிட்டம். எண்முகி இடத்தில் சிறிதளவு கோபால்ட் புகுந்தாலே அது கனசதுர விளிம்புத் திசைக்கு மாறுகிறது. மக்னீசியம் ஆக்சைடின்மேல் வளர்த்த மேக்னடைட்டு மென்படலத்தில் ஏறத்தாழ 0.3 விழுக்காட்டு அணிக்கோவைப் பொருத்தமின்மையால் எழும் தகைவும் இப்பண்பைப் பாதிக்கிறது. வட்ட முனைவுற்ற எக்ஸ் கதிர்களை 710 எலக்ட்ரான்வோல்ட் அருகே செலுத்தினால், நான்முகி அயனிகளின் குறி எண்முகி அயனிகளின் குறிக்கு எதிராக அமைகிறது. மொத்த அளவீட்டில் ஒன்றையொன்று ஈடுசெய்து மறையும் கூறுகள் இங்கே தனித்தனியே தெரிகின்றன. சாம்பல் ஃபெரைட்டில் மக்னீசியமும் அலுமினியமும் இரும்பின் இடத்தைப் பிடிப்பது இயல்பு. அவ்வகையில் அதன் நிறமாலை மணலின் மேக்னடைட்டிலிருந்து வேறுபட வாய்ப்புண்டு.

வரம்புகள்

மென்படல முடிவுகளைச் சாம்பலுக்கு அப்படியே பெயர்ப்பதும் பிழை. படலத்தின் படிக அச்சுகள் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. சாம்பல் உருண்டைகள் எத்திசையிலும் கிடப்பதால் திசைவேறுபாடு சராசரியில் கரைந்துவிடும். கோளத்திற்கு வடிவத்தால் எழும் திசைவேறுபாடும் இல்லை. மேலும் எலக்ட்ரான் உமிழ்வுவழி அளவீடு மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தையே காண்கிறது. உப்பங்கழியில் ஊறிய துகளில் அது ஆக்சிசனேற்றமுற்ற மேல்தோலாக மட்டும் இருக்கலாம். இரும்பின் 7112 எலக்ட்ரான்வோல்ட் விளிம்பில் அளந்தால் துகளின் உட்புறமும் புலப்படும்.

முடிவுரை

ஏற்புத்திறன் எங்கே தோண்ட வேண்டும் என்பதைக் காட்டும். யாருடைய துகள் என்பதைக் காட்டாது. பொறுப்பை நிறுவ வேண்டிய வழக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று. எண்ணூர் வண்டல், கடற்கரை மணல், உலையிலிருந்து நேரே எடுத்த சாம்பல் ஆகிய மூன்றையும் இந்தூரின் இந்துஸ்-2 போன்ற ஒளிமூலத்தில் ஒருங்கே அளந்து ஒப்பிட்ட பின்னரே காந்தச் சான்று முழுமை பெறும்.